மூளைக் காய்ச்சலும் கண்ணசைவும்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியம் பற்றி ஏதாவது பேசவேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, சமய விழாவிலே வியாதியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று முதலிற் சிறிது தயங்கினேன். பின்னர் கண்ணப்ப நாயனாரின் நினைவு வந்தது. காளத்தியிலே இறைவனுடைய கண்ணில் உதிரம் பெருகக் கண்டு, அவர் தம் கண்ணை இடந்து அப்பினார் என்பதை நம்மிடையே சிறு பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால், அதற்கு முன் அவர் செய்த காரியத்தை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம். அவர் காட்டுக்குள் ஓடிப் பச்சிலை கொண்டுவந்து பிழிந்து பார்த்தார். அதாவது, முதலில் வைத்தியம் செய்தார். கண்ணிலே தீங்கைக் கண்ட அந்தக் கணமே ஓடினார். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கவில்லை. இந்த அளவுக்குச் சமயத்தின் அனுமதி கிடைத்துவிட்டது என்று கொண்டு, எனது பொருளுக்கு வருகின்றேன்.

கண்ணிலே தோன்றும் கோளாறுகள் எல்லாம் கண்ணின் நோய்கள் அல்ல. மூளையிலோ, அதனைப் போர்த்திருக்கும் உறைகளிலோ கிருமி புகுந்து அழற்சி உண்டாகும்போது, சில வேளைகளில் அதனை வெளியே காட்டிக்கொடுப்பது கண்ணின் அசைவே. அப்போது கண் சிவப்பதில்லை, பீளை தள்ளுவதில்லை. சுவரிலே தொங்கும் எழுத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாலும் நோயாளி சரியாக வாசித்தும் விடுவார். ஆனால், கண் அசையவேண்டிய பக்கத்துக்கு அசையாது. அல்லது அசைய வேண்டாத நேரத்தில் தானாகவே அசையும்.

இது ஏன் என்பதை விளங்கிக்கொள்ளச் சிறிது உடற்கூற்று அறிவு வேண்டும். ஒவ்வொரு கண்ணையும் 6 சிறு தசைகள் இழுத்துத் திருப்புகின்றன. இரண்டு கண்ணுக்குமாக 12 தசைகள். இவை ஒன்றோடொன்று ஒத்து வேலை செய்தாலன்றி நாம் ஒரு பொருளை ஒன்றாகக் காணமுடியாது. இரட்டைமாட்டு வண்டியிலே ஒரு மாடு சண்டித்தனம் செய்தால் வண்டி படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பாடுதான் ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது.

இந்தத் தசைகளை ஆளும் நரம்புகள் மூன்று சோடி. மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 சோடி நரம்புகளுள் 3ஆம், 4ஆம், 6ஆம் சோடிகள் இவை. மூன்றாவது நரம்பு நான்கு தசைகளை ஆள்வதோடு மேல் இமையைத் தூக்கி வைத்திருக்கவும், வெளிச்சத்தில் கண்மணியைச் சுருக்கவும் உதவுகின்றது. நான்காவதுக்கு ஒரு தசை. படி இறங்கும்போது கீழே பார்க்க அது உதவும். ஆறாவதுக்கும் ஒரே தசைதான்; அது கண்ணை வெளிப்பக்கம் இழுப்பது. இந்த நரம்புகள் பிறக்கும் இடம் மூளைத்தண்டு. பெருவிரல் தடிப்பேயுள்ள அந்தத் தண்டுக்குள்ளேதான் மூச்சு, நாடித்துடிப்பு, விழிப்பு ஆகியவற்றை நடத்தும் இடங்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஆகையால், அங்கே ஒரு சிறு தீப்பொறி விழுந்தாலும் அதன் புகை கண்ணிலே தெரிகின்றது.

இவற்றுள் ஆறாவது நரம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். அது மூளைத்தண்டின் அடியில் வெளிப்பட்டு, மேல்நோக்கி ஏறி, காதின் உட்பகுதியைத் தாங்கும் எலும்பின் முனையிலே வளைந்து, இரத்தம் தேங்கியோடும் ஒரு நாளத்தின் உள்ளே புகுந்து, அதன் பின்னரே கண்குழியை அடைகின்றது. மண்டையோட்டுக்குள் அமுக்கம் கூடினால் இந்த நரம்பு இழுபட்டோ நசுங்கியோ போகின்றது. அடியிலே சீழும் பசைபோன்ற கசிவும் திரண்டால் அதற்குள் அமிழ்ந்து போகின்றது. அப்போது அந்தக் கண் வெளிப்பக்கம் போகமாட்டாது; உள்ளே இழுபட்டு நிற்கும். பெரியவர்களானால், எல்லாம் இரண்டாகத் தெரிகின்றது என்று சொல்வார்கள். சிறு பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. அது ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளும். அல்லது, பழுதுபட்ட கண்ணின் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்க்கும்.

இங்கே எனது பிழையொன்றை உங்கள் முன் சொல்லத்தான் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், தொழிலுக்குப் புதியவனாக நான் ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒரு தாய் ஏழு வயது மகனைக் கூட்டிவந்தார்.

“டொக்டர் ஐயா, இவன் இப்பிடிப் பாக்கிற பிள்ளை இல்லை. ரெண்டு கிழமையா விட்டு விட்டுக் காய்ச்சல் காயுது. விளையாடப் போறானில்லை. நாலு நாளாக் கண் உள்ளுக்கு இழுக்குது” என்றார்.

வாசலிலே வரிசை நீண்டிருந்தது. நான் கண்ணைப் பார்த்தேன், காய்ச்சலை விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு வரும் சாதாரண வாக்குக்கண் என்று எண்ணிக் கண் வைத்தியப் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அங்கே முறை வருவதற்கு மூன்று கிழமை இருந்தது. இடையிலே அந்தப் பிள்ளையின் அம்மம்மா, கண்ணூறோ என்னவோ என்று அஞ்சி, பார்வை பார்க்கின்ற ஒரு முதியவரிடம் அவனைக் கொண்டுபோயிருக்கிறார். அந்த முதியவர் பிள்ளையின் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது என்ரை பார்வைக்கு அடங்கிற காரியமில்லை, இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்று சொல்லியிருக்கிறார். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னார். கல்லாதவர் என்று நாம் ஒதுக்கும் மனிதர் அவர்.

பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, நான் பார்த்து ஒன்பது நாள் கடந்திருந்தது. பிள்ளை அரைமயக்கத்தில் இருந்தான். முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று அங்கிருந்த வைத்தியர்கள் சொல்ல, ஊசி குத்தினாற் கால் விளங்காமற் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தகப்பனார் மேலும் அரை நாள் சம்மதிக்கவில்லை. முடிவில் எடுத்துப் பார்த்தபோது அது சயரோகக் கிருமியால் வந்த மூளையுறை அழற்சி என்று அறிந்தார்கள். பிள்ளை பிழைத்தான். ஆனால் ஒரு காது கேளாமற் போயிற்று. வலது காலை இழுத்தே நடந்தான். அந்த ஒன்பது நாளைப் பற்றி நான் இன்றும் நினைப்பதுண்டு.

சயரோகம் என்றால் இருமலும் நெஞ்சு நோயும் என்றே நம்மவர் நினைக்கின்றார்கள். அந்தக் கிருமி மூளையின் உறைக்குப் போனால் இருமல் இல்லாமலும் இருக்கலாம். அது திருடன் போல வரும். ஒன்றிரண்டு கிழமைக்கு மெல்லிய காய்ச்சல், உண்ண மனமின்மை, எரிச்சல், தலையிடி, இடைக்கிடை சத்தி, பிறகு கண் மாறும், அதன்பின் மயக்கம். 1940களில் ஸ்ரெப்ரோமைசின் மருந்து வரும்வரை இந்நோய் கண்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1948இல் இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிச் சபை அந்த மருந்தைப் பரீட்சித்து வெளியிட்ட அறிக்கையில் நோயை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். அறிவு தெளிவாயிருக்கும் முதற்படியில் வைத்தியம் தொடங்கியவர்களுக்கும், மயக்கத்திலே தொடங்கியவர்களுக்கும் உள்ள வேற்றுமை அன்றே தெரிந்தது. இன்றும் அப்படியே இருக்கின்றது. 2004இல் வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, சயரோக மருந்துகளோடு டெக்சாமெதசோன் என்னும் மருந்தையும் கொடுத்தால் இறப்புக் குறைகின்றது என்று காட்டியது. மருந்துகள் உண்டு. அவற்றை எந்தப் படியிலே தொடங்குகிறோம் என்பதே கேள்வி. நம் நாட்டிலே குழந்தை பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி, முக்கியமாக இந்த மூளையுறை நோயிலிருந்து சிறு குழந்தைகளைக் காப்பதற்கே என்பதையும் தாய்மார் அறிந்திருப்பது நல்லது.

ஆறாவது நரம்பைப் பற்றி வைத்தியர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மண்டைக்குள் எங்கே அமுக்கம் கூடினாலும் அது பழுதாகும். ஆகவே பழுது எந்த இடத்தில் என்று அதைக்கொண்டு சொல்லமுடியாது. இலண்டனிலே ஜேம்ஸ் கொலியர் என்பவர் 1904இல் இதனை எடுத்துக்காட்டினார். வழக்கு மன்றத்து மொழியிற் சொன்னால், குற்றம் நடந்தது என்பதிலே இந்தச் சாட்சியை நம்பலாம். நடந்த இடத்தைக் கேட்டால் நம்பக்கூடாது. அதே 1904இல் இத்தாலியில் கிறடெனிகோ என்ற காது வைத்தியர் வேறொன்றை விவரித்தார். காதிலே சீழ் வடியும் நோயாளிக்கு, அதே பக்கத்துக் கண்ணின் பின்னே கடும் வலியும், அந்தக் கண் வெளிப்பக்கம் திரும்பாமையும் உண்டானால், கிருமி காதைத் தாண்டி அந்த எலும்பு முனைவரை போய்விட்டது என்று பொருள். அடுத்த வீடு மூளைதான். காது வடிவது குழந்தைகளுக்கு வழக்கம் என்று எண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டிருப்பவர்கள் இதனை மறக்கலாகாது.

இனிக் கண்ணசைவை வைத்து மூளையின் இரகசியம் ஒன்றையே கண்டறிந்த ஒருவரின் வரலாற்றைச் சொல்கின்றேன். இளைஞர்கள் இதனை விரும்புவீர்கள் என்று நினைக்கின்றேன். 1917இல், முதலாம் உலக யுத்தத்தின் நடுவே, வியன்னா நகரத்து ஆஸ்பத்திரிக்கு விசித்திரமான நோயாளிகள் வந்தார்கள். காய்ச்சல், தலையிடி, பின் ஓயாத உறக்கம். வாயிலே உணவை வைத்துக்கொண்டே உறங்கினார்கள். தட்டி எழுப்பினால் எழுந்து, கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லி, மறுபடி உறங்கினார்கள். இமைகள் தொங்கின, கண்கள் அசையவில்லை, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தன. கொன்ஸ்ரன்ரின் வொன் எக்கொனோமோ என்னும் வைத்தியர் இவர்களைப் பார்த்தார். கிரேக்க வமிசத்தவர், யுத்தத்திலே விமானம் ஓட்டியவருங்கூட. உறக்கமும் கண்ணின் செயலிழப்பும் ஏன் இணைந்து வருகின்றன என்பதே அவர் கேட்ட கேள்வி. இறந்தவர்களின் மூளையை வெட்டிப் பார்த்தபோது, மூன்றாவது நரம்பு பிறக்கும் இடத்தையும் அதனை அடுத்துள்ள பகுதியையும் அழற்சி தாக்கியிருக்கக் கண்டார். வேறு சிலரோ நேர்மாறாக, நாட்கணக்கில் உறக்கமின்றித் தவித்து இறந்தார்கள். அவர்களிடத்தில் அழற்சி அதற்குச் சற்று முன்னே இருந்தது. இதிலிருந்து, விழித்திருக்கச் செய்யும் இடம் ஒன்றும் உறங்கச் செய்யும் இடம் ஒன்றும் மூளைக்குள் வெவ்வேறாக உண்டு என்று அவர் ஊகித்தார். பிற்கால ஆராய்ச்சிகள் அந்த ஊகத்தைப் பெரும்பாலும் மெய்ப்பித்தன. ஒரு தொங்கும் இமை அவரை அவ்வளவு தூரம் அழைத்துச் சென்றது!

அந்த உறக்க நோய் பத்தாண்டுக்குச் சற்று மேலாக உலகின் பல நாடுகளில் உலவி, பின்னர் வந்ததுபோலவே மறைந்தது. எந்தக் கிருமி என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. பிழைத்தவர்கள் பலருக்குச் சில ஆண்டுகளின் பின் உடல் விறைத்தது. சிலருக்குத் திடீரெனக் கண்கள் இரண்டும் மேலே செருகி, நிமிடக் கணக்கில், சில வேளை மணிக்கணக்கில், அப்படியே நின்றன. கீழே இறக்க முயன்றாலும் இறங்கமாட்டா. 1969இல் நியூயோர்க்கில் ஒலிவர் சாக்ஸ் என்ற வைத்தியர், பல பத்தாண்டுகள் சிலைபோல் இருந்த இத்தகையோருக்கு எல்-டோப்பா என்னும் மருந்தைக் கொடுத்தபோது சிலர் எழுந்து நடந்தார்கள். அந்த மகிழ்ச்சி பலருக்கு நீடிக்கவில்லை.

கண் மேலே செருகி நிற்பதைக் கண்டவுடன் மூளைக் காய்ச்சல் என்றோ, பேய் பிடித்தது என்றோ முடிவு செய்துவிடவும் கூடாது. இக்காலத்தில் அதற்குப் பெரும்பாலும் காரணம் மருந்து. சத்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோப்பிரமைட் போன்ற சில மருந்துகளும், மனநோய்க்குரிய சில மருந்துகளும், முக்கியமாக இளவயதினருக்கு, இந்த விளைவை உண்டாக்கும். கழுத்தும் முறுகும், பார்ப்பவர்களுக்கு அச்சமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டால் சில நிமிடங்களிற் சரியாகிவிடும். ஆதலால், என்ன மருந்து சாப்பிட்டார் என்று வைத்தியர் கேட்டால் மறைக்காமற் சொல்லுங்கள். துண்டையும் குளிசைப் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

நமது நாட்டுக்கு வருவோம். 1985–86இல் அனுராதபுரப் பகுதியிலே யப்பானிய மூளைக் காய்ச்சல் பெருவாரியாகப் பரவியது சிலருக்கு நினைவிருக்கும். நெல்வயல் நீரிற் பெருகும் நுளம்பு பன்றியிலிருந்து அந்த வைரசை எடுத்து மனிதனுக்குக் கொடுக்கின்றது. 1988இல் இங்கே தடுப்பூசி தொடங்கியது. அதன்பின் அந்நோய் மிகவும் அடங்கியது. அந்த நோயிலே வலிப்பு எப்போதும் கைகால் அடித்துக்கொண்டு வருவதில்லை. வியட்நாமியப் பிள்ளைகளிடம் கண்டு 2002இல் எழுதியிருக்கின்றார்கள்: மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் கண் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், அல்லது இமையோ ஒரு விரலோ மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவே வெளியே தெரிவது. உள்ளே வலிப்பு ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். கட்டிலருகே இரவிரவாகக் கண்விழித்திருக்கும் தாய்தான் இதனை முதலிற் காண்பார். தாதியிடம் சொல்ல அவர் கூச்சப்படக்கூடாது.

இன்னொன்று, கண் நடனம். இரு கண்மணிகளும் ஒன்றாக, வலம் இடம் மேல் கீழ் என்ற ஒழுங்கின்றி, படபடவென்று துள்ளிக்கொண்டே இருக்கும்; உறங்கினாலும் நிற்காமல் இருக்கலாம். போலந்து நாட்டு வைத்தியர் ஒர்செஹொவ்ஸ்கி 1913இல் இதற்குப் பெயரிட்டார். 1962இல் கின்ஸ்போர்ன் என்பவர், கண் துள்ள, கைகால் உதற, தள்ளாடிய குழந்தைகளைப் பற்றி எழுதினார். சில குழந்தைகளுக்கு வயிற்றிலோ நெஞ்சிலோ மறைந்திருக்கும் கட்டியொன்று இதற்குக் காரணமாகலாம் என்பதால் வைத்தியர்கள் அதையும் தேடுவார்கள். பெரியவர்களுக்கு வைரசுக் காய்ச்சலின் பின் வருவதுண்டு. அண்மைய ஆண்டுகளிலே தென்னிந்திய வைத்தியர்கள் உண்ணிக் காய்ச்சலோடு இது வருவதைக் கண்டிருக்கின்றார்கள். அந்தக் காய்ச்சல் நமது வட பகுதியிலும் தலைகாட்டியிருப்பது 2014இல் வெளியிடப்பட்டது. பற்றைகளிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்த இடத்திலே, சிகரெட்டாற் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். அக்குளிலும் அரையிலும் மறைந்திருப்பதால், தேடினாலன்றித் தெரியாது, வலியும் இல்லை. கண்டுபிடித்துவிட்டால் டொக்சிசைக்கிளின் என்னும் மலிவான குளிசையே பெரும்பாலும் போதும்.

வீட்டிலே எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். பிள்ளையின் தலையை அசையாமற் பிடித்துக்கொண்டு, உங்கள் விரலை வலம், இடம், மேல், கீழ் என்று மெல்லக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் முழுதாகத் திரும்பிய கண்ணில், கடைக்கண் பக்கத்து வெள்ளை மறைந்துபோக வேண்டும். ஒரு கண்ணில் மறைந்து மற்றதில் மறையாவிட்டால் கவனியுங்கள். கடைசி எல்லையில் இரண்டொரு துடிப்பு எல்லோருக்கும் இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். பிறவியிலேயே கண் ஆடுபவர்களும், சிறு வயது முதல் வாக்குக்கண் உடையவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள், அதுவும் வேறு. பழையதா, புதியதா என்று ஐயம் வந்தால், பிறந்தநாள் படம், கலியாணப் படம் ஏதாவது எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். காய்ச்சலோ, விடாத தலையிடியோ, சத்தியோ இருக்கும் ஒருவருக்குக் கண் புதிதாக மாறினாலும், இமை தொங்கினாலும், கண்மணி துள்ளினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அங்கே என்னைப் போல அவசரப்படும் ஒரு வைத்தியர் இருந்தால், “இவன் இப்படிப் பார்க்கிற பிள்ளை இல்லை” என்பதை இரண்டாம் முறையும் சொல்லுங்கள். அப்படியும் கேளாவிட்டால் வேறொருவரிடம் போங்கள். எங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

முடிவாக, முள்ளந்தண்டு ஊசி பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தகப்பனாரின் அச்சம் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றது. முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்புத்தண்டு இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகின்றது. ஊசி குத்துவது அதற்குக் கீழே. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நரம்பு இழைகள், ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்பவை. மண்டைக்குள் அமுக்கம் மிகக் கூடியிருந்தால் ஊசி ஆபத்தாகலாம் என்பதனாலேதான், வேண்டிய இடத்தில் முன்கூட்டியே கண்ணின் உட்பகுதியைப் பார்த்து, சி.ரி. ஸ்கான் படமும் எடுக்கின்றார்கள். சிலருக்கு ஓரிரு நாள் தலையிடி இருக்கும். மூளையைச் சூழ்ந்த நீர் வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 150 மில்லிலீற்றர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கின்றது. பரிசோதனைக்கு எடுப்பது சில தேக்கரண்டி அளவு. எடுத்த நீர் ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்து, விடை வருவதற்குள்ளேயே உடல் அதனை மீண்டும் நிரப்பிவிடுகின்றது.